அழுக்குப் படாத மீட்டர்

பாதாளச் சாக்கடை அலுவலகத்து ஸ்டோர்கீப்பருக்கு, அவர் காதில் விழாமல் எல்லோரும் வைத்திருந்த பெயர் 'சாவி'. அவருடைய அறையைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். குழிக்குள் காற்றடிக்கும் ப்ளோயர், ஆளை மேலே இழுக்கும் கயிறு, இடுப்பு வார் எல்லாம் வந்த உறையோடு வரிசையாக நின்றன. விஷவாயு காட்டும் மீட்டருக்கு மட்டும் தனியாகக் கண்ணாடி பீரோ. அதற்கு வாரம் தவறாமல் சார்ஜ் போடுவார். விற்ற கம்பெனிக்காரர் வந்து சோதிக்கும்போது கூடவே நின்று, "பாத்து, கீறிடாதீங்க" என்பார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட மனிதர் இப்படிப் பதறியதில்லை என்பது அவர் மனைவியின் கட்சி.

இவற்றை யாராவது வேலைக்குக் கேட்டால்தான் கோபம் மூக்கின் நுனிக்கு வந்துவிடும். அடிக்கடி கேட்பது சொந்தத் தங்கை புருஷன் என்பதால் குரலை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொள்வார். சாக்கடையில் இறங்கும் அந்த வேலையை, யார் யார் காலையோ பிடித்து மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

"மச்சான், இன்னிக்கு ஒரு நாள் மீட்டரைக் குடுங்களேன். மார்க்கெட் குழி ரொம்ப ஆழம்."

"சாக்கடைக்குள்ள விட்டா அழுக்காயிடும் மாப்ள. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க என்னைத்தான் கேப்பாங்க."

சாக்கடைக்கென்றே வாங்கிய பொருள் சாக்கடைக்குள் போனால் அழுக்காகிவிடும். எவ்வளவு பெரிய நியாயம், பாருங்கள். மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவான்.

மீட்டர் இல்லாவிட்டால் என்ன, ஆட்களைக் குழியில் இறக்கும் மேஸ்திரிக்குக் கடவுள் கொடுத்த மூக்கு இருந்தது. குழியின் மூடியைத் திறந்து குனிந்து முகர்வார். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடிக்கும். அங்கேயே நின்று ஊர்க்கதை பேசிவிட்டு மறுபடி முகர்வார். "நாத்தம் போயிடுச்சு, இறங்கு" என்பார். அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், அப்போது எதுவும் நாறாது, நாறாததை நம்பி இறங்குகிறவன் ஏறி வரமாட்டான் என்று மீட்டரோடு வந்த கையேட்டில் படம் போட்டே எழுதியிருந்தது. கையேடும் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.

அப்படியிருக்கையில் பக்கத்து ஊரில் ஒரே குழியில் மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் ஒருவன் இறங்கி மயங்கினான். அவனைத் தூக்க ஒருவன் இறங்கினான். இரண்டு பேரையும் தூக்க இன்னொருவன் இறங்கினான். ஆட்கள் செத்தது பெரிய விஷயமில்லை, பேப்பரில் வந்துவிட்டது. உடனே தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

இன்ஜினியர் அவரை நேராக ஸ்டோருக்கு அழைத்துப் போனார். அதிகாரி அசந்துபோனார். "பிரமாதம். எல்லாம் புத்தம் புதுசா இருக்கே. இதை மாட்டிக்கிட்டு ஒரு ஆள் இறங்குற மாதிரி போட்டோ எடுத்துடுவோம்."

சாவிக்குக் கவலை இடுப்பு வாரின் பிளாஸ்டிக் உறையைப் பற்றி. அதைத் தானே பிளேடால், ஓரம் பிசகாமல் கிழித்தார்.

அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த குழியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜீப்பிலிருந்து அதுதான் பக்கம். மேஸ்திரி முகர்ந்தார், பேசினார், மறுபடி முகர்ந்தார். மாப்பிள்ளை இடுப்பு வாரை மாட்டிக்கொண்டு, குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். சாவி மீட்டரைக் கயிற்றில் கட்டி, கைக்குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் இறக்கினார். பாதி ஆழம் போவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்து, மீட்டர் வீறிட்டுக் கத்தியது.

"நாத்தமே இல்லையே சார், இது எதுக்குக் கத்துது?" என்றார் மேஸ்திரி.

"பூட்டியே வச்சிருந்தா கெட்டுப் போகாம என்ன பண்ணும்?" என்றார் இன்ஜினியர். "அந்தச் சனியனை ஆஃப் பண்ணுய்யா. ஒரு நிமிஷ வேலை. நீ இறங்குப்பா."

மாப்பிள்ளை ஒரு காலைப் படியில் வைத்தான்.

இந்த இடத்தில் தங்கை புருஷன் மேல் இருந்த பாசத்தால் சாவி பாய்ந்து தடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பாசமாவது ஒன்றாவது, மனிதருக்கு வந்தது ரோஷம். அவர் மீட்டரைக் கெட்டுப்போனது என்று சொல்லிவிட்டார்கள்.

"யாருது சார் கெட்டுப் போச்சு?" கயிற்றைச் சரசரவென்று மேலே இழுத்தார். மீட்டர் வாயை மூடிக்கொண்டது. மறுபடி இறக்கினார். கத்தியது. திரும்பவும் இழுத்து அதிகாரியின் தொப்பைக்கு நேராக நீட்டினார். கப்சிப். "கெட்டுப் போனதுன்னா இங்கயும் கத்தணும்ல? நான் வச்சிருக்கிற பொருள் கெடாது சார். உள்ள இருக்கு விஷம்."

அதிகாரி குழியைப் பார்த்தார். ஓர் ஆளை உள்ளே இறக்கலாம் என்றிருந்தவருக்கு, அதன் ஓரத்தில் தான் நிற்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜீப் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்தார். இன்ஜினியரும் மேஸ்திரியும் அவருக்கு வழி காட்டுகிற சாக்கில் முன்னாலேயே ஓடினார்கள். போட்டோ ஜீப்புக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கப்பட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் மாப்பிள்ளை குழியோரத்திலிருந்து எழுந்து வந்து மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், காலையில மார்க்கெட் குழியில இறங்கி ஏறினேன். அங்கயும் இது கத்துமா?"

"சேச்சே, அங்கெல்லாம் கத்தாது" என்றார் சாவி. சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்.

மார்க்கெட் முனையில் இருவருமாக மூடியை நெம்பித் தள்ளினார்கள். சாவி கயிற்றை விட்டார். சத்தம் இல்லை. இன்னும் விட்டார். சத்தம் இல்லை. "நான் சொல்லல?" என்று அவர் நிமிர்ந்தபோது மீட்டர் அடி ஆழத்திலிருந்து கத்த ஆரம்பித்தது. காய்கறி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை குழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடியில நிக்கும்போது காலு தள்ளாடுச்சு மச்சான். கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. காலையில சாப்பிடலயே, பசிதான்னு நெனச்சேன். அவசரமா ஏறி வந்து ரெண்டு பன்னு தின்னேன்."

சாவி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். இன்று காலை அவன் ஏறி வராதிருந்தால், தங்கை வீட்டுக் கதவைத் தட்டி அவளிடம் என்ன சொல்லியிருப்பார்? உன் புருஷன் போய்ட்டாரும்மா, ஆனா மீட்டர் மட்டும் புதுசாவே இருக்குன்னா? இத்தனை நாளும் தான் கட்டிக் காத்தது எதை, காவு கொடுக்க இருந்தது யாரை என்று நினைத்துப் பார்த்தார். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே நீ எங்க இறங்கினாலும் நானே மீட்டரோட வர்றேன் மாப்ள. கயிறையும் நானே பிடிச்சுக்கறேன். அது கத்துச்சுன்னா அந்த நிமிஷமே உன்னை மேல இழுத்துடறேன்."

"கத்துச்சுன்னா நான் இறங்கவே கூடாது மச்சான்" என்றான் மாப்பிள்ளை, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. பிறகு மீட்டரை மேலே இழுத்துவிட்டு, மூடியை இழுத்து மூட அவரையும் கை கொடுக்கச் சொன்னான்.