நெடுக்கா, குறுக்கா

கேள்வி கேட்டால் இவனுக்கு ஆகாது. பெண்டாட்டி கேட்டாலும் ஆகாது, மெஷின் கேட்டாலும் ஆகாது. கேள்வியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் பதில் தானாக வந்துவிடும் என்று நினைக்கிற மூளைக்குத்தான் ஊரெல்லாம் இன்ஜினியர் சார் என்று பெயர்.

முளைக்கீரையை ஆய்ந்துகொண்டே சிவகாமசுந்தரி இப்படி நினைத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏழு வருஷக் குடித்தனத்தில் முகத்தைத் துடைத்து வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். முன்னறையில் அவள் புருஷன் ராஜவேல் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ஜங்ஷனுக்கு அப்பால், மின்கம்பத்துக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற கம்பெனி. அவன் சூளைக்குப் பொறுப்பு. அவள் கணக்கில் எம்.எஸ்சி.; கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கிய தொண்ணூற்றொன்றில் சேர்ந்தாள். சூளைக்குள் சூடு அளக்கும் கம்பிகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பொய் உண்டு. ஒன்று ஐந்து டிகிரி கூட்டிச் சொல்லும், இன்னொன்று எட்டு குறைத்துச் சொல்லும். அளவு எடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரிசையாக எழுதி, அந்தந்தக் கம்பியின் பொய்யை அதிலிருந்து கழித்தால்தான் சூளையின் எந்த மூலை காய்கிறது, எந்த மூலை காயாமல் கிடக்கிறது என்பது தெரியும். அதை வைத்துத்தான் அடுத்த லோடுக்கு பர்னரைத் திறப்பார்கள்.

இதற்கு ராஜவேல் முதலில் எழுதிய புரோகிராமை நினைத்தால் அவளுக்கு இன்றும் சிரிப்பு வரும். அளவுகள் ஒரு பெரிய அட்டவணை. திருத்தம் ஒரே ஒரு வரிசை. ஒத்துப்போகாத இரண்டை எப்படிக் கழிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, அந்த ஒற்றை வரிசையையே திரும்பத் திரும்ப நகல் எடுத்து இன்னொரு பெரிய அட்டவணை கட்டினான். ஒரு வருஷத்து லோடுகளை ஒன்றாகப் போட்டதும் மெஷின் இடமில்லாமல் நின்றுவிட்டது. இதைவிடப் பெரிய மெஷின் வேண்டும் என்று முதலாளியிடம் போய் நின்றான்.

பழமலைநாதர் கோயிலில் தீபாராதனைத் தட்டு ஒன்றுதான். எத்தனை பேர் நின்றாலும் அதே தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு தட்டா வார்க்கிறார்கள்? சிவகாமி செய்தது அவ்வளவுதான். திருத்த வரிசையை இருந்த இடத்திலேயே வைத்து, ஒவ்வொரு வரிசையும் அதைத் தொட்டுக்கொண்டு போகும்படி எழுதினாள். அதே மெஷினில் வருஷக் கணக்கு முழுதும் முடிந்தது. ஆனால் அட்டவணையில் குறுக்கே கம்பிகள், நெடுக்கே அளவு எடுத்த தடவைகள்; ஒற்றை வரிசை எந்தப் பக்கம் நீள வேண்டும் என்பது மெஷினுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் அது நெடுக்கா, குறுக்கா என்று கேட்கும்படி ஒரு வரி சேர்த்திருந்தாள்.

முதலாளி திருமாலிடம் அதை ‘நாங்க போட்டது’ என்றான் ராஜவேல். தீபாவளி வருவதற்குள் ‘நான் போட்டது’ ஆகிவிட்டது. அவள் வாய் திறக்கவில்லை. அற்பனோடு பங்குக்கு நிற்பதும் அற்பத்தனம்தான் என்று அன்றைக்கு ஒரு கர்வம்.

பிறகு அந்தக் கேள்வி அவனை உறுத்த ஆரம்பித்தது. தினம் தினம் இது என்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா, நீளத்தைப் பார்த்து அதுவே புரிந்துகொள்ளட்டும் என்று அந்த வரியைத் தூக்கினான். முதலில் நெடுக்கே பொருந்துகிறதா என்று பார், இல்லாவிட்டால் குறுக்கே கழி என்று மாற்றி எழுதினான். ரெண்டு பக்கமும் பன்னிரண்டாக வந்தால் என்ன செய்யும் என்று அவள் கேட்டாள்.

“லோடுக்கு எட்டு தடவதான் அளவு எடுக்கறோம். பன்னெண்டு எங்கருந்து வரும்? எம்.எஸ்சி. படிச்சா இல்லாத பேயெல்லாம் கண்ணுக்குத் தெரியும்போல இருக்குது” என்றான், ஆபரேட்டர்கள் பார்த்திருக்க. அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

பேய் இந்த மாதம் வந்தது. பெரிய இன்சுலேட்டருக்கு ஆர்டர். கூடுதல் நேரம் எரிக்க வேண்டும், பன்னிரண்டு தடவை அளவு எடுக்க வேண்டும். மெஷின் முணுமுணுக்கவில்லை. நெடுக்கே பன்னிரண்டைப் பார்த்தது, பொருந்தியது, கம்பியின் பொய்யை நேரத்தின் தலையில் கழித்தது. அந்தக் கணக்கைப் பார்த்துத் திறக்கக் கூடாத பர்னர்களைத் திறந்தார்கள். ஒரு பக்கம் வேகாமலும் ஒரு பக்கம் மெருகு கொப்பளித்தும் வெளியே வந்தது லோடு. முழுவதையும் குப்பைமேட்டில் கொட்டினார்கள். புரோகிராமில் கை வைத்தது யார் என்று நாளைக் காலையில் எனக்குத் தெரிந்தாக வேண்டும், அந்த ஆள் இங்கே இருக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் முதலாளி.

மாமியார் விருத்தாம்பாள் வந்து எதிரே உட்கார்ந்து, ஒரு கட்டுக் கீரையை எடுத்துக்கொண்டாள். இந்த ஏழு வருஷத்தில் அந்தக் கை கீரையைத் தொட்டதில்லை. ஏதோ கேட்கப்போகிறாள் என்பது சிவகாமிக்குப் புரிந்தது.

“ஆம்பளைக்கு வேல போச்சுன்னா ஊரு காறித் துப்பும். நீதான் தெரியாத்தனமா மாத்திட்டேன்னு சொல்லிடு, சிவகாமி. பொம்பள தப்பு பண்ணா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. மிஞ்சிப்போனா வூட்ல இருன்னுவாங்க. இருந்துட்டுப் போயேன்.”

முன்னறையில் பேப்பர் சலசலக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தப்பையும் நகல் எடுத்து இன்னொருத்தி தலையில் ஒட்டத் தெரிகிறது. அதை நேரே வந்து கேட்கத் தெரியவில்லை. அதற்கும் தாயை அனுப்ப வேண்டியிருக்கிறது.

வேலை போவது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைவிட, நெடுக்குக்கும் குறுக்குக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை. இந்த வீட்டில் யாரும் எச்சில்படுத்தாமல் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்தக் கணக்கு ஒன்றுதான். ஒற்றை வரிசையை எத்தனை வரிசைக்கு வேண்டுமானாலும் நீட்டலாம், தேயாது என்று அவள்தான் காட்டினாள். இப்போது அவளையே நீட்டிப் பார்க்கிறார்கள். அன்றைய தன் கர்வத்தின் மேலும் அவளுக்கு எரிச்சல் வந்தது. பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“அந்த வரிய நான் எடுக்கலீங்க அத்த” என்றாள், குரலை உயர்த்தாமல். “எடுத்தேன்னு சொல்ல மாட்டேன்.”

விருத்தாம்பாள் இன்னும் ரெண்டு தண்டைக் கிள்ளிப் போட்டாள். சிவகாமி அவள் கையிலிருந்த கட்டை வாங்கி, வேரும் மண்ணுமாகக் கிள்ளிப் போட்டிருந்த தண்டுகளைப் பிரித்தெடுத்து, முதலிலிருந்து ஆய ஆரம்பித்தாள்.