கீழே கையொப்பமிட்டவர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு கையை நெஞ்சில் வைத்து, இன்னொரு கையைக் காளிகாட் இருக்கும் திசைக்கு நீட்டிச் சொல்வது இது. கமாவும் முற்றுப்புள்ளியும்கூட நடந்தது நடந்தபடியே வைக்கப்பட்டிருக்கின்றன.

1973-ஆம் வருஷம். கல்கத்தா டாக்குரியாவில் ஒரு மாடிப் போர்ஷனில் வேதாச்சலம் குடியிருந்தார். விழுப்புரத்துக்காரர். துறைமுகத்தில் தலைமைக் குமாஸ்தா. முப்பது வருஷம் கோப்புகளோடு புழங்கியதில் அவருடைய இங்கிலீஷ் தேக்கு மரம் மாதிரி இறுகிப் போயிருந்தது. அவர் எழுதிய ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு, உள்ளே வர அனுமதி கிடைத்ததா இல்லையா என்று புரியாமல், ஒரு நார்வே கப்பல் பதினேழு நாள் கடலிலேயே நின்றது. பதினெட்டாம் நாள் காப்டன் அழுதுவிட்டதாகக் கேள்வி.

இப்பேர்ப்பட்ட இங்கிலீஷ் ஒரே ஆளோடு போய்விடக் கூடாது என்று வாசலில் ‘இங்கிலீஷ் கற்றுத் தரப்படும்’ என்று ஒரு போர்டு மாட்டினார். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் வந்தார்கள். தாய்லாந்திலிருந்து இரண்டு பேர், சூடானிலிருந்து ஒருவன், எத்தியோப்பியாவிலிருந்து தெஸ்ஃபாயே.

ஞாயிறு காலை வகுப்பு. புத்தகம் கிடையாது. ஆளுக்கொரு கோப்பு, அதற்கு ஒரு சிவப்பு நாடா. சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் வாயைத் திறக்கக் கூடாது. குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். மேலிடம் இரண்டடி தள்ளி ஈஸிசேரில் உட்கார்ந்திருக்கும். தாய்லாந்துப் பையன் ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்டு எழுதிய குறிப்பு, உரிய இணைப்புகள் இல்லை என்று மூன்று முறை திரும்பிப் போய், நான்காம் ஞாயிறுதான் அனுமதியானது.

“ஏங்க, புள்ளைக்குத் தொண்டை வறண்டு கெடக்குது. நீங்க என்னமோ கையெழுத்து போட்டுக்கிட்டு இருக்கீங்க” என்றாள் அவர் மனைவி அன்னம்.

“நீ சும்மா இரு. மொறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

“மொறையக் குடிச்சா தாகம் அடங்குமா?”

தண்ணீர் அனுமதியான வாரத்தோடு தாய்லாந்து நின்றுவிட்டது. பின்னாலேயே சூடானும். தெஸ்ஃபாயே மட்டும் இரண்டு வருஷம் வந்தான். அவனுக்கு வங்காள பாஷை யாரும் சொல்லித் தராமலே வந்துவிட்டது. கரியாஹாட் சந்தை மீன்காரரோடு அவன் பேரம் பேசும்போது டிராம் நின்று கேட்டுவிட்டுப் போகும். வகுப்பு முடிந்ததும் சமையலறை வாசலில் உட்கார்ந்து, வங்காளத்தில் சித்தி முறை வைத்து “மாஷிமா, மாஷிமா” என்று அன்னத்திடம் கதையளப்பான். அவன் அம்மா கரி அடுப்பில் காபிக் கொட்டை வறுப்பாளாம்; வாசனை தெருக்கோடி வரைக்கும் போகுமாம்; அழைக்காமலே அக்கம்பக்கம் வந்து உட்கார்ந்துவிடுமாம். தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் அதைக் கேட்டு அன்னம் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் தமிழில் தன் கணவரைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு அவனுக்குத் தமிழும் பாதி புரிய ஆரம்பித்தது.

ஆகஸ்டில் அவனுக்கு வாய்மொழித் தேர்வு வந்தது. இங்கிலீஷில் தேறாவிட்டால் உதவித்தொகை நிற்கும், கப்பலேறி ஊருக்குப் போக வேண்டியதுதான். வேதாச்சலம் லீவு போட்டுக்கொண்டு, அன்னம் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத் தூக்கோடு கூடவே போனார். தேர்வு அறையின் பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தன் மாணவன் முழங்கப் போவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டார்.

உள்ளே மூன்று பேராசிரியர்கள். “உன் பெயர் என்ன?” என்று தலைவர் இங்கிலீஷில் கேட்டார்.

“கீழே கையொப்பமிட்டவர்” என்றான் தெஸ்ஃபாயே, அதே இங்கிலீஷில்.

“கல்கத்தா பிடித்திருக்கிறதா?”

“மேற்படி பொருள் பரிசீலனையில் உள்ளது.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேதாச்சலமும் பெருமையாகச் சிரித்தார். என்ன நறுக்கென்ற பதில்!

“சரி, உன் அம்மாவைப் பற்றிச் சொல்.”

தெஸ்ஃபாயே மனசுக்குள் கோப்பைப் புரட்டினான். பிறகு அவன் குரல் வந்தது. “கடைசியாகக் கிடைத்த தகவலின்படி மேற்படி நபர் உயிருடன் உள்ளார்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வேதாச்சலத்துக்குக் காது மடல் சுட்டது. தன் வீட்டுச் சமையலறையில் காபி வாசனையாக இருந்த பொம்பளை, தான் சொல்லிக் கொடுத்த பாஷையில் ஒரு கோப்பு எண்ணாகக் கிடந்தாள். தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அதன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு யாரப்பா இந்த இங்கிலீஷைக் கற்றுக் கொடுத்தது?”

“அவ்விவரம் இவ்வலுவலகத்தில் இல்லை” என்றான் தெஸ்ஃபாயே.

காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. எழுந்து ஓடிவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் தோன்றியது. கால் இரண்டடி படிக்கட்டுப் பக்கம் போகவும் செய்தது. பிறகு திரும்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு தூக்கோடு உள்ளே போனார்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் போனார். வாய் இங்கிலீஷில் சொன்னது: “ஒரு பிழை நேர்ந்திருப்பது கவனத்துக்கு வந்துள்ளது. அது வருந்தத்தக்கது.”

“யார் செய்த பிழை?” என்றார் தலைவர்.

“சம்பந்தப்பட்ட பிரிவு.”

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. முப்பது வருஷ இங்கிலீஷைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். ‘நான்’ என்ற ஒரு சொல் அதிலிருந்து விழவில்லை. முகம் கோணியது. அந்த ஊரில் யாருக்குப் புரியும் என்று பாராமல் தமிழில் உடைத்தார்.

“நான்தாங்க. இவன் நல்லா பேசற பையன். நான்தான் கெடுத்தேன். அவனை அனுப்பிடாதீங்க. எனக்கு வெக்கமா இருக்கு.”

மூன்று வங்காளிப் பேராசிரியர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெஸ்ஃபாயே எழுந்து நின்றான். இந்த முறை கோப்பைத் தேடவில்லை. ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லாகத் தானே பொறுக்கி எடுத்தான்.

“தன்னுடைய தப்பு என்கிறார். வெட்கப்படுகிறார். நான் இவர் வீட்டில் சாப்பிடுகிறேன். இவர் மனைவி என் அம்மா மாதிரி.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தக் கடைசி நான்கு வாக்கியத்துக்குத் தேறிவிட்டாய். முன்னால் பேசியதை மறந்துவிடு” என்றார்.

திரும்பும் வழியில் வேதாச்சலம் பையன் முகத்தைப் பார்க்காமலே நடந்தார். அந்த நான்கு வாக்கியத்தில் ஒன்றுகூட அவர் சொல்லிக் கொடுத்ததில்லை.

“சார், லெமன் ரைஸ்?” என்றான் தெஸ்ஃபாயே.

“எடுத்துக்கப்பா” என்று தூக்கை நீட்டினார். குறிப்பு எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போர்டைக் கழற்றினார். “தேறிட்டானா?” என்றாள் அன்னம்.

“அவன் தேறிட்டான்” என்று போர்டைப் பரண்மேல் போட்டார், எழுத்து கீழே இருக்கும்படி.

இனி நெஞ்சில் வைத்த கையை எடுத்துவிட்டுச் சொல்வது: வேதாச்சலம் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை துறைமுகத்தில் பார்த்தது கிரேன் ஓட்டுகிற வேலை. அவருக்கு இங்கிலீஷில் தெரிந்தது கையெழுத்துப் போட மட்டும்தான்.