தூக்கோடு வந்த மாமி

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் யேசுதாசனின் மாவுக்கடை. எதிரே ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட் வந்து பாக்கெட் மாவை அடுக்கிய நாளிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது. பின்னாலிருக்கும் அபார்ட்மெண்ட் பெண்கள்தான் கடையைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவர்களும் போய்விட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

அந்தப் பயத்தில்தான் வியாபாரிகள் சங்கம் நடத்திய இலவச வகுப்புக்குப் போனார். செல்போனில் விளம்பரம் செய்வது எப்படி என்று ஜெயவேலு என்பவர் பாடம் எடுத்தார்.

"மாவைக் காட்டாதீங்க சார், அது எல்லா கடையிலயும் வெள்ளையாத்தான் கீது. வாங்கறவங்க மூஞ்சைக் காட்டுங்க. அவங்க அபார்ட்மெண்ட் பேஜை டேக் பண்ணுங்க. கமெண்ட் போட்டா ஒருத்தரையும் விடாம பதில் போடுங்க."

யேசுதாசன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கல்லா மேஜையில் ஒரு ஸ்டாண்டைக் கயிறு போட்டுக் கட்டி, போனை மாட்டினார்.

மறுநாள் காலை முதலில் வந்தது அபிதகுஜாம்பாள் மாமி. வழக்கம்போல் துணிப்பைக்குள் எவர்சில்வர் தூக்கு. கவரில் போட்டுக் கொடுத்தால் வாங்க மாட்டாள். பிளாஸ்டிக் ஆகாது போலிருக்கிறது என்று யேசுதாசன் நினைத்திருந்தார். மற்ற பெண்களும் அப்படித்தான் தூக்கோடும் டப்பாவோடும் வருவார்கள்.

வீடியோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். போட்டோ மாதிரி அவர் போனிலேயே கிடக்கும் என்று மாமி நினைத்தாள் போல. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ஆத்துல அரைச்சாக்கூட இப்படிப் பொங்காது" என்று மனசாரச் சொன்னாள். யேசுதாசனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ரீலுக்குக் கீழே அவரே யோசித்து எழுதினார்: 'பத்து வருஷமா மாமி வீட்டு இட்லி, நம்ம கடை மாவு.' மறக்காமல் அபார்ட்மெண்ட் பேஜை டேக் செய்தார்.

சாயங்காலத்துக்குள் போன் துள்ள ஆரம்பித்தது. திருச்சியிலிருந்து இதயம், துபாயிலிருந்து கைதட்டல். அவர் மனைவி செல்வமேரி எட்டிப் பார்த்தாள்.

"துபாய்க்காரன் ஃப்ளைட் புடிச்சு வந்து மாவு வாங்கினு போவானா?"

அவர் துபாய்க்காரருக்கு நன்றி டைப் செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் மாமி வரவில்லை. அதற்கடுத்த நாள் மற்ற பெண்களும் வரவில்லை. அதே அபார்ட்மெண்டில் இருக்கும் டீச்சர் விஷ்ணுப்ரியாதான் ஸ்கூலுக்குப் போகிற வழியில் நின்று விஷயத்தைச் சொன்னாள். மாமியின் கணவர் சத்யநாராயணன், எங்கள் வீட்டில் கடை மாவு படியேறாது என்று விசேஷத்துக்கு விசேஷம் சொல்கிற மனிதர். மாமி வீட்டு கிரைண்டர் நின்று பல வருஷம் ஆகிறது. மணிக்கட்டு வலியில் அதைத் தூக்கிக் கழுவ முடியாமல் விட்டவள், அவரிடம் மட்டும் சொல்லவேயில்லை. ரீல் பெங்களூர் நாத்தனார் வரைக்கும் போய், சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்து விழுந்துவிட்டது. அவர் சண்டை போடவில்லை. இட்லி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"எங்க வீட்லயும் அதே கதைதான் அண்ணா. என் மாமியார் கும்பகோணத்துல இருக்காங்க. அவங்களும் இன்ஸ்டால இருக்காங்க" என்றாள் விஷ்ணுப்ரியா. பேசி முடிக்கும்வரை ஸ்டாண்டில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூக்கு எதற்கு என்று யேசுதாசனுக்கு அப்போதுதான் புரிந்தது.

ரீலை அழித்தார். அதற்குள் அது எங்கெங்கோ போயிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. முகம் கழுவி, சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு போன் முன்னால் நின்றார்.

"எல்லாருக்கும் வணக்கம். அபிதகுஜாம்பாள் மாமி எங்க கடையில மாவு வாங்கறதே இல்ல. அன்னிக்கு சும்மா வழி கேக்கத்தான் வந்தாங்க. அவங்க வீட்ல அவங்களேதான் அரைக்கிறாங்க."

அதற்கும் அபார்ட்மெண்டை டேக் செய்தார். எல்லாரும் பார்த்தால்தானே சரியாகும்.

எல்லாரும் பார்த்தார்கள். யாரோ இரண்டு வீடியோவையும் வெட்டி ஒட்டி, 'தூக்கோடு வழி கேட்ட மாமி' என்று பெயர் வைத்து விட்டார்கள். முதல் ரீலைவிட அது அதிகம் ஓடியது.

சத்யநாராயணன் கடைக்கு வந்தார். படி ஏறவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"நல்லதுதான் நினைச்சேள், தெரியறது. இனிமே எங்களைப் பத்தி ஒண்ணும் போடாதீங்கோ. மன்னிப்பும் வேண்டாம்."

மாமி எப்படி இருக்கிறார்கள் என்று யேசுதாசன் கேட்டார்.

"புது கிரைண்டர் வாங்கியாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஸ்டாண்டைக் கழற்றினார் யேசுதாசன். 'இங்கு வீடியோ எடுப்பதில்லை' என்று அட்டையில் எழுதி மாட்டினார். அதைப் படிக்கிற தூரத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. அபார்ட்மெண்ட் பெண்கள் தெருவின் அந்தப் பக்கமாகவே நடந்து சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனார்கள்.

"அங்க மட்டும் கேமரா இல்லியா? கூரை பூரா கேமராதான்" என்றாள் செல்வமேரி.

"அது யாரையும் டேக் பண்ணாதுல்ல" என்றார் அவர்.

விற்காத மாவு புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. அவள் அண்டாவோடு தூக்கிப்போய்க் கொட்டிவிட்டு வந்தாள். பிறகு மறுநாள் மாவுக்கு ஊறப்போட அரிசி டின்னைத் திறந்து, சின்னக் கிண்ணத்தில் ஒரு பிடி அள்ளினாள்.

"நம்ம ரெண்டு பேருக்கு இது போதும்ல?"

யேசுதாசன் தலையாட்டினார். போன் அதிர்ந்தது. சிவகங்கையிலிருந்து யாரோ, லொகேஷன் ப்ளீஸ் அண்ணா என்று கேட்டிருந்தார்கள். ஒருத்தரையும் விடக்கூடாது என்று ஜெயவேலு சொல்லியிருந்தாரே. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடை விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாக டைப் செய்தார். கடைசியில், அவசியம் வாங்க என்று சேர்த்தார்.