கறுத்த திரி

சின்னையா தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றி இறக்கியே பாதி வயசு போய்விட்டது. இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு, அதுவரை சிகரெட்டைத் தொடுவதில்லை என்று முருகனிடம் சொல்லியிருந்தார். ஆவி இழுக்கிற மின்சிகரெட்டான வேப் மட்டும் கையைவிட்டுப் போகவில்லை. அவர் மனைவி தனலெட்சுமி கேட்டால், "சிகரெட்டப் பத்திதான் சாமிகிட்ட பேசினேன். ஆவியப் பத்திப் பேச்சே வரல லா" என்பார். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய மனுஷன்!

அந்த வேப்பில் திரவத்தை உறிஞ்சுகிற திரியையும் அவரே செய்வார். மெல்லிய கம்பி வலையைச் சதுரமாக வெட்டி, அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, மறுபடி காய்ச்சி, கறுத்ததும் ஊசியில் சுற்றி உருட்டுவார். சனிக்கிழமை காலையில் அப்படி ஒன்றைச் செய்து சாஸரில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

தனலெட்சுமி பூசைச் சாமான் தேய்க்கிற நாள் அது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தாள். பக்கத்துச் சாஸரில் கருகிக் கிடந்ததைப் பார்த்தாள். வீட்டில் எது கறுத்திருந்தாலும் அவளுக்குக் கை அரிக்கும். இரும்பு நாரால் அதையும் ஒரு பிடி பிடித்தாள். பளபளவென்று வந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

மத்தியானம் வந்தவர் அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்தக் கறுப்புதான் அதுக்குத் தோலு. தோல உரிச்சிட்ட. கரண்டு இனி வலைக்குள்ளேயே ஓடும், அதச் சுத்தியிருக்கிற சுருள் கம்பி சூடேறாது."

ஆனாலும் மாட்டிப் பார்த்தார். பட்டனை அழுத்தினார். ஒன்றும் இல்லை.

"திரும்பக் காய்ச்சுங்களேன்."

"எனக்கு இப்ப அந்தப் பொறுமை இல்ல" என்று மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எந்தக் கடைக்கு என்று அவளுக்குத் தெரியும்.

தனலெட்சுமி அடுப்பைப் பற்ற வைத்தாள். அவர் கழற்றிப் போட்டிருந்த வலையை விரித்து, இடுக்கியால் பிடித்து, அடுப்பில் காட்டினாள். சிவந்தது. தண்ணீரில் முக்கினாள். திரும்பக் காட்டினாள். விரல் சுட்டது, விடவில்லை. வலை கறுத்துக்கொண்டு வரும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவர் ஒரு சிகரெட்டை மேசைமேல் வைத்தார். முனை நனைந்து வளைந்திருந்தது.

"வாயில வச்சேன். பத்த வைக்கல" என்றார். "ஆனா தொட்டுட்டேன் லா, தனம். இனி எந்த முகத்தோட குடத்தத் தூக்குவேன்?"

அவளுக்கு அழுகை வந்தது. அடுப்பை அணைத்தாள்.

"தொட வச்சது நான்தானே. நானும்தான் உங்ககூட விரதம் இருக்கேன். பால்குடத்த நான் எடுக்கிறேன், நீங்க என்கூட நடந்து வாங்க."

அவர் கறுத்த வலையையும் அவள் சுட்ட விரலையும் பார்த்தார். வலையை விட்டுவிட்டு விரலைப் பிடித்துக்கொண்டார்.

"வெறுங்காலோட ஏறணும்" என்றார். "அவ்வளவு தூரம் முடியுமா உனக்கு?"