ஆண்டவர் டப்பா

தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு பருக்கை ஒதுங்கிக் கிடந்தது. சுனில் அதை விரல் நுனியில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"உஷா, இது நம்ம வீட்டு அரிசிதானா?"

உஷா குனிந்து பார்த்தாள். குண்டாக, பழுப்பாக, வெள்ளை வெளேரென்ற சோற்றுக்கு நடுவே, பந்தியில் அழைக்காமல் வந்து உட்கார்ந்த ஆள் மாதிரி இருந்தது. சந்தேகமே இல்லை. ரேஷன் அரிசி.

மர்பி டவுனில் அந்தச் சின்ன வீட்டில் அரிசி மூன்று இடத்தில் இருந்தது. சமையல் மேடையில் எவர்சில்வர் டிரம். அதில் சோற்றுக்கு சோனா மசூரி. மேடைக்கு அடியில் பிளாஸ்டிக் பக்கெட். அதில் இட்லிக்கு ரேஷன் அரிசி. அலமாரியில் பழைய பிஸ்கட் டப்பா; அது ஆண்டவருக்கு. உலை வைக்கும் முன்பு ஒரு கைப்பிடி அதில் விழும். மாதக் கடைசி ஞாயிறு சர்ச்சில் பெண்கள் சங்கம் எல்லார் வீட்டு டப்பாவையும் ஒரே மூட்டையில் கொட்டி, பிள்ளைகள் விடுதிக்கு அனுப்பும்.

"ஆண்டவருக்கு முதல் பிடி, நல்ல பிடி." இதைச் சொல்லிச் சொல்லியேதான் ஒன்பது வயது சிந்துவை வளர்த்திருந்தாள் உஷா. வெங்காயம் விலை வானத்துக்கு ஏறிய அந்த வருஷத்தில், நான்கு மாதமாக அந்தப் பிடி எந்தப் பாத்திரத்திலிருந்து போகிறது என்பது மட்டும் உஷாவுக்கும் ஆண்டவருக்கும் இடையில் இருந்தது.

மறுநாள் நான்கு குண்டுப் பருக்கை. அதற்கு மறுநாள் எண்ண முடியவில்லை.

உஷா நேராக மளிகைக் கடைக்குப் போனாள். கலப்படமா என்று கேட்டதும் கடைக்காரர் ஆராவமுதன் முகம் சிவந்துபோய்ப் புது மூட்டையைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு அள்ளிக் காட்டினார். அத்தனையும் சோனா மசூரி.

"முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேம்மா. கலப்படம் பண்றவனா இருந்தா இந்நேரம் இந்திரா நகர்ல பங்களா கட்டியிருப்பேன். போய் வீட்டுக்குள்ள பாருங்க."

வீட்டுக்குள்ளே. அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. சுனில் ஆறு மணி ஷிப்டுக்குப் போய்விடுவான். ஒன்பதுக்கு அவள் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவாள். சிந்து திரும்ப மூன்றரை ஆகும். நடுவில், பத்து மணிக்கு, சாவி போட்டுத் திறந்து பாத்திரம் தேய்க்க வருவது ஒரே ஒருத்தி.

சந்திரம்மா.

நல்ல அரிசியை அள்ளிக்கொண்டு, அளவு குறையாமல் இருக்கப் பக்கெட் அரிசியைப் போட்டு நிரப்பினால் யாருக்குத் தெரியும்? ஆறு வருஷமாக அவள் தோளில் தொங்கிய வயர் கூடை இப்போதுதான் உஷாவின் கண்ணில் பட்டது. பாத்திரம் தேய்க்க வருகிறவளுக்குக் கூடை எதற்கு? உஷா வீட்டில் இருந்த சனிக்கிழமை அவள் ஏன் அவசர அவசரமாகப் போனாள்? சந்தேகம் ஒரு தரம் உள்ளே வந்துவிட்டால் ஆணி அடித்து எல்லாவற்றையும் அதில் மாட்டிவிடும்.

வியாழக்கிழமை காலையில் பொறி வைத்தாள். டிரம்மில் அரிசியைச் சமமாகத் தடவி, டம்ளரைக் கவிழ்த்து அழுத்தினாள். நிலா மாதிரி வட்டம் விழுந்தது. மூடினாள். போனாள்.

மாலையில் திறந்தபோது வட்டம் இல்லை. மேலாக மூன்று குண்டு அரிசி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு வீட்டில் காத்திருந்தாள். பள்ளிக்கு ஏதோ உள்ளூர் விடுமுறை. சிந்து கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பிள்ளை எதிரில் திருட்டுப் பேச்சு எடுக்க உஷாவுக்கு வாய் வரவில்லை. பத்து மணிக்கு வந்த சந்திரம்மாவிடம், மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் கோவிந்தப்பா சாவியைத் திருப்பிக் கேட்டார் என்றாள். இனி சாயங்காலம் தான் இருக்கும்போது வந்தால் போதும் என்றாள்.

சந்திரம்மா முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்க்க நேரமாயிற்று.

"ஓனர் நேத்து என்னைப் பார்த்தாரு உஷாம்மா. சாவி பத்தி ஒண்ணும் சொல்லல," என்றாள். மேடையில் சாவியை வைத்தாள். "ஆயித்தும்மா. முடிஞ்சது. வேற ஆள் பாத்துக்குங்க."

வயர் கூடையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வராந்தாவில் மூட்டையைப் பிரித்து வைத்திருந்தார்கள். டப்பாக்கள் வரிசையாகக் கவிழ்ந்தன. உஷா தன் முறை வந்ததும் வழக்கம்போல் வேகமாகக் கவிழ்த்துவிட்டு நகரப் பார்த்தாள். ரேஷன் அரிசி யார் வீட்டிலிருந்து வருகிறது என்று யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது.

சரசரவென்று கொட்டியது சோனா மசூரி. ஒல்லியாக, வெள்ளையாக, ஒரு குண்டு அரிசிகூட இல்லாமல்.

சங்கத் தலைவி வாய்நிறையச் சிரித்தாள். "உஷா, நீ போடுறதுதான் அரிசி. பிள்ளைங்க நல்லா சாப்பிடுவாங்க."

தினமும் இரண்டு வேளை, தன் கையால், பக்கெட்டிலிருந்து அள்ளி அதில் போட்டது உஷா. சந்திரம்மா திருடியிருந்தால் அதை எதற்கு ஆண்டவர் டப்பாவில் கொண்டுவந்து கொட்டப்போகிறாள்? டப்பா இருக்கும் இடம் சந்திரம்மாவுக்கு எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறவேண்டும். ஸ்டூலில் ஏறி அலமாரியைத் திறக்கிற ஆள் வீட்டில் ஒருத்திதான்.

மகளோடு திரும்பும் வழியில் அல்சூர் மார்க்கெட் முனையில் நின்றுவிட்டாள்.

"சிந்து, டப்பா அரிசிய மாத்தினது யாரு?"

"நான்தான் மம்மி." ஒளிவு மறைவே இல்லை. "நீங்க தெரியாம பக்கெட்ல இருந்து போட்டுட்டு இருந்தீங்க. நான் பார்த்தேன். ஸ்கூல் விட்டு வந்ததும், இன்னைக்கு சர்ச்சுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியும், அத நம்ம டிரம்ல கொட்டிட்டு, நல்ல அரிசிய டப்பால போட்டேன். ஆண்டவருக்கு நல்ல பிடின்னு நீங்கதான சொல்வீங்க?"

தெரியாமல். பிள்ளை அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அந்த ஒரு சொல்லைத் தாங்க உஷாவால் முடியவில்லை. கோபத்தைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு சந்திரம்மா சாவிய வெச்சுட்டுப் போனாங்களே, அப்பவே சொல்றதுக்கென்ன?"

சிந்து புரியாமல் விழித்தாள். "ஓனர் அங்கிள் சாவி கேட்டாருன்னு நீங்கதான மம்மி சொன்னீங்க?"

ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போயிற்று. உஷா நகரவில்லை. அவள் சொன்ன ஒரு வார்த்தையைப் பிள்ளை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறாள். இன்னொரு வார்த்தையை எழுத்துப் பிசகாமல் நம்பியிருக்கிறாள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை.

வீட்டுக்குப் போகவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்தெருவுக்குள் திரும்பினாள். சந்திரம்மா வாசலில் குத்துக்காலிட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்த வயர் கூடை. உள்ளே சோப்பும் நாரும். அவளை நிமிர்ந்து பார்க்கச் சொல்லவும் உஷாவுக்கு உரிமை இல்லாதது போலிருந்தது.

மகளை அனுப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். கையை விடாமலே சொன்னாள்.

"ஓனர் சாவி கேக்கல சந்திரம்மா. நான் பொய் சொன்னேன். நீங்க அரிசி எடுக்கிறீங்கன்னு சந்தேகப்பட்டேன். எடுத்தது நீங்க இல்ல. கோவில் டப்பாவுக்கு மட்டமான அரிசி போட்டேன், அத எம்பொண்ணு சரி பண்ணியிருக்கா. என்னை மன்னிச்சிருங்க."

மகளின் விரல்கள் தன் கைக்குள் இறுகுவதை உணர்ந்தாள். தன் முகத்தை அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தது. திரும்பவில்லை.

நீட்டிய சாவியைச் சந்திரம்மா வாங்கவில்லை. துணியைப் பிழிந்து உதறினாள்.

"நாளைலருந்து வரேம்மா, புள்ளைக்காக. சாவி மட்டும் வேணாம். நீங்க இருக்கிறப்பவே வரேன்."

அது நியாயம்தான். உஷா சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆறு வருஷம் சந்திரம்மாவிடம் இருந்த சாவி. அத்தனை கனமாக அது எப்போதும் இருந்ததில்லை.

வீட்டு வாசலுக்கு வந்தபோது சிந்து மாடியைப் பார்த்து நின்றாள்.

"மம்மி, ஓனர் அங்கிள் பேர்லதான பொய் சொன்னீங்க. அவர்கிட்டயும் சொல்லணுமா?"

கோவிந்தப்பா வாய் திறந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். உஷா ஒரு கணம் யோசித்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப் படியில் கால் வைத்தாள். பின்னாலேயே சின்னக் காலடிகள் ஏறி வந்தன.