சட்டைப்பையில் இரண்டு மூடி

எந்த வண்டியில் கை வைத்தாலும் மெக்கானிக் முதலில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வேலை முடியுமுன் எவனும் வண்டியைக் கிளப்பிவிடக் கூடாதாம். நல்ல பழக்கம்தான். ஆனால் அன்று காலை ஒரே நேரத்தில் இரண்டு வண்டி, பையில் இரண்டு மூடி. வாயாவது சும்மா இருந்ததா? அம்மாவை மலைக்குக் கூட்டிப்போக வண்டி எடுக்க வந்த தங்கச்சியோடு சண்டை பிடித்துக்கொண்டே மூடிகளை மாட்டினார் மனுஷன்.

மத்தியானம் அந்த இன்னொரு வண்டியின் சொந்தக்காரர் திரும்பி வந்தார், முகமெல்லாம் கடுகடுவென்று.

"என்னங்க, தண்ணியெல்லாம் கொதிச்சு வெளிய கொட்டுது!"

மெக்கானிக் மூடியைத் துணியால் துடைத்து, அதில் பொறித்திருந்த அழுத்த அளவைப் பார்த்தார். 0.9. இந்தப் புது வண்டிக்கு 1.3 அல்லவா வேண்டும்? அப்படியென்றால் அந்த 1.3 எங்கே?

தங்கச்சியின் பழைய காரில். அது தாங்குவது 0.9 தான். அழுத்தம் ஏறினால் அந்த 1.3 மூடி வழிவிடாது, கிழட்டு ரப்பர் குழாய்தான் வெடிக்கும். கொதிநீர் ஓடும் ஹீட்டர் குழாய் போவதோ முன் சீட்டில் அம்மாவின் காலடியில். இந்நேரம் மலை ஏறிக்கொண்டிருப்பார்கள்.

போனைப் போட்டார்.

"நிறுத்துடி வண்டிய! அறிவிருக்கா உனக்கு?"

"காலைல கத்தினது பத்தலையா?" வைத்துவிட்டாள்.

மறுபடி போட்டார். "ஏய்" என்பதற்குள் வைத்துவிட்டாள். அங்கும் இங்கும் நடந்தார். ஸ்பேனரை எடுத்தார், வைத்தார்.

"என் வண்டி?" என்றார் வந்தவர்.

"சும்மா இருங்கய்யா!"

காலமெல்லாம் கத்தியே பேசியாயிற்று. இப்போது கத்தினால் எவள் காதில் ஏறும்? மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு மூன்றாம் முறை போட்டார்.

"தங்கம், அண்ணன் தப்புப் பண்ணிட்டேன். வண்டிய ஓரமா நிறுத்தும்மா."

அந்தப் பக்கம் பிரேக் கிறீச்சிட்டது.

"அண்ணா! உனக்கு என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. இஞ்சினை அணைச்சிட்டு அம்மாவ இறக்கு. மூடியத் தொடாதே. தள்ளி நில்லுங்க."

கதவுச் சத்தம். அம்மாவின் முனகல். சற்றைக்கெல்லாம் 'டப்'பென்று ஒரு வெடி, பின்னாலேயே நீளமாக ஒரு சீறல்.

"ஐயோ! சீட்டுக்குக் கீழ ஒரே ஆவி... நாங்க வெளியதான் நிக்கிறோம் அண்ணா."

அவர் ஆயில் டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். போனில் அம்மா கேட்பது கேட்டது.

"யாருடி அது?"

"அண்ணன்தாம்மா."

"பொய் சொல்லாத. அவன் எங்க இப்படிப் பேசுவான்?"