பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிய உண்மை

"நீ லீவுல இருந்தப்ப வேற ஆள் கையால மூணு தடவை பார்த்தாச்சு. உன் செல் ஒண்ணுகூட முழிக்கல. முதல்ல வந்த ரிசல்ட்டை எங்கேம்மா சமைச்ச?"

பத்துப் பேர் முன்னால் கேட்டவர் ஆய்வுக்கூடத் தலைவர். அவளுக்குச் சொந்தச் சித்தப்பா. சொந்தக்காரிக்குச் சலுகை என்று எவனும் வாய் திறந்துவிடக் கூடாதாம். மற்றவர்களுக்கு ஒரு குட்டு என்றால் அவளுக்கு நாலு. நாளை பதினோரு மணிக்குள் ஆதாரம் காட்டாவிட்டால் அவள் கட்டுரை வாபஸ். வேலையும் காலி.

காது மடல்வரை எரிந்தது அவளுக்கு.

நோயை எதிர்க்கும் டி-செல்களில் பெரும்பாலானவை கிருமியின் புரதத்தைக் கண்டு சண்டைக்குக் கிளம்பும். அவளுடையவை தனி ரகம். காசநோய்க் கிருமியின் மேலுறைக் கொழுப்பை இன்னொரு செல் தூக்கிக் காட்டினால்தான் கண் திறக்கும். திறந்ததும் கக்கும் ரசாயனத்தைச் சோதித்தால், சோதனைத் தட்டின் குழி மஞ்சளாகும். இரண்டு மாதம் முன்பு பளீர் மஞ்சள். இப்போது வெறும் தண்ணீர் நிறம்.

ஃப்ரீசரைப் படாரென்று திறந்தாள். கொழுப்பு வைத்திருந்த கண்ணாடிக் குப்பிகளைக் காணோம். அந்த இடத்தில் பிளாஸ்டிக் டியூப்கள். முத்து முத்தான எழுத்தில் லேபிள்கள்.

மூன்றாம் வகுப்பில் அவள் நோட்டு அட்டைகளில் பெயர் எழுதித் தந்த சித்தப்பாவின் அதே கை!

எண்ணெய்ப் பிசுக்கு பிளாஸ்டிக் டப்பாவை லேசில் விடுமா? பாத்திரம் தேய்த்த எவருக்கும் தெரியும். கொழுப்பெல்லாம் டியூப் சுவரில் உட்கார்ந்துகொண்டது; செல்களுக்குப் போனது வெறும் நீர்.

பல்லைக் கடித்தபடி, காலியான டியூப் ஒன்றின் சுவரைக் கரைப்பானால் கழுவிக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தாள். புத்தம் புது டியூப் ஒன்றையும் அதேபோல் கழுவினாள். கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சியதைச் செல்களுக்குக் கொடுத்தாள்.

மறுநாள் பத்தே முக்கால். தட்டை அவர் மேசையில் வைத்தாள்.

"மஞ்சளா இருக்கே!"

"காலின்னு நீங்க ஒதுக்கின டியூபைக் கழுவினது. பக்கத்துல வெளுத்து நிக்கிறது புது டியூப்; மஞ்சள் பிளாஸ்டிக்கால வந்ததில்ல. குப்பியை மாத்தினது யாரு?"

"கண்ணாடி உடைஞ்சு வீணாப் போயிடுமேன்னு..." அவர் குரல் இறங்கியது. "சரி, விடும்மா. வீட்ல பேசிக்கலாம்."

"மோசடிப் பட்டம் கட்டினது வீட்லயா, சித்தப்பா?"

இந்தக் கட்டடத்துக்குள் அவரை அவள் அப்படி அழைத்ததே இல்லை. கதவை அகலத் திறந்தாள். வெளியே அதே பத்துப் பேர்.

"எல்லாரும் வந்தாச்சு. நேத்து இருந்த அதே சத்தத்துல சொல்லுங்க."